மண்டபமும் மதிலும்

வீரமுனைப் பாடசாலை ஒன்றிலே மாணவர் கணினிக்கூடமும், பரீட்சைப் புள்ளிகளைக் காக்கும் காரியாலயமும் ஒரே சுவிட்ச் பெட்டியில் இணைந்திருப்பதாகக் கொள்வோம். இவற்றைப் பிரிப்பது எவ்வாறு?

ரௌட்டரின் அதே வாயிலுக்கு இரண்டாம் ஐ.பி. முகவரியைக் கொடுத்து, கூடத்துக்கு ஒரு தொடர், காரியாலயத்துக்கு வேறொரு தொடர் என வகுக்கலாம். வேலை எளிது, செலவுமில்லை. ஆயின், பிரிந்தவை எண்கள் மாத்திரமே. நம் பாடசாலைகளின் நீண்ட மண்டபத்தில், மறைப்பின்றி இரு வகுப்புகள் நடப்பதை நேயர்கள் அறிவர், இங்கும் அக்கதைதான். ஒரு கணினி எழுப்பும் பொதுக்கூவல் இரு பக்கமும் கேட்கும். குறும்புக்கார மாணவன் ஒருவன் தன் கணினியின் எண்ணைக் காரியாலயத் தொடருக்கு மாற்றினாற் போதும். ரௌட்டரைத் தொடாமலே புள்ளிகள் இருக்கும் கணினியின் வாசலை அடைந்துவிடுவான்.

வீலான் என்னும் முறையோ மதில் எழுப்புவது. இதற்கான 802.1கியூ நியமம் 1998இல் அங்கீகரிக்கப்பட்டது. சுவிட்சின் எந்தத் துளை எப்பிரிவுக்குரியது என்பதை முன்கூட்டியே விதித்துவிடுவதால், எண்ணை மாற்றிப் பயனில்லை. ஒரு பிரிவின் செய்தி மற்றதற்குச் செல்ல ரௌட்டர் ஒன்றே வழி. அங்கே தடைவிதி எழுத மறந்தால், மதில் கட்டிக் கதவைத் திறந்து வைத்த கதையாகும்!

பழைய எண்தொடரிலிருந்து புதியதற்கு மாறும் சில நாட்களுக்கும், 254 இடங்கள் போதாத ஒரே குழுவினருக்கும் இரண்டாம் முகவரி உகந்ததே. புள்ளிகள் உள்ள காரியாலயத்துக்கு வீலானே வேண்டும். மலிவான சுவிட்சுகள் பல வீலானை அறியா. ஆதலின் வாங்குமுன் அதனை விசாரித்தல் நன்று.