சைக்கிளுக்கு ஒரு சினிமா விழா

"சைக்கிளுக்கெல்லாமா விழா எடுப்பாங்க?" என்று நம் சங்கத்து நண்பர் ஒருவர் கேட்டார். எடுக்கிறார்கள். நியூயார்க்கில் சைக்கிளில் போய்க் கொண்டிருந்த பிரெண்ட் பார்பர் என்பவர் மீது பேருந்து மோதியது. பிழைத்தெழுந்த மனிதர் புலம்பிக் கொண்டிராமல், சைக்கிளைப் பற்றிய படங்களை மட்டுமே காட்டும் விழா ஒன்றை 2001-இல் தொடங்கிவிட்டார். 'பைசைக்கிள் ஃபிலிம் ஃபெஸ்டிவல்' என்று பெயர். பெரிய கம்பெனிகளின் தயவில்லாமல் எடுத்த குறும்படங்களும் ஆவணப்படங்களும்தான் அதில் அதிகம். பிறகு அவ்விழா பல நாட்டு நகரங்களுக்கும் பயணம் போனது.

இதை நம் மலரில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. நான் பிறந்தது மூணாறில் எஸ்டேட் லயத்தில். அங்கே சைக்கிளைப் பார்ப்பதே அபூர்வம். ஏற்றத்தில் நாம் அதைத் தள்ள வேண்டும்; இறக்கத்தில் அது நம்மைத் தள்ளிவிடும்! எனக்குப் பதினோரு வயதானபோது குடும்பம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் குடிவந்தது. பாலக்காட்டுக் கணவாயின் சமதரை; காய்கறிக்காரர், துணிக்காரர், ஐஸ்காரர் எல்லாருமே சைக்கிள்தான். வாடகைக் கடை நோட்டில் பேரெழுதி, மணிக்கணக்கில் எடுத்து, பாருக்கு அடியில் காலை விட்டுக் குரங்கு பெடல் போட்டுப் பழகினேன். நாங்கள் 'மிதி' என்பதை மலையாளப் பையன்கள் 'சவிட்டு' என்பார்கள். முட்டி தேய்ந்தது இரு கட்சிக்கும் ஒரே மாதிரிதான். கமலக்கண்ணன் இயக்கி 2024-இல் வந்த 'குரங்கு பெடல்' படத்தைப் பார்த்தபோது அந்தத் தழும்பைத் தடவிப் பார்த்துக் கொண்டேன்.

அக்காவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நான் சொல்லித் தருகிறேன் என்றேன். "பொம்பளப் புள்ளைக்கு எதுக்குடா சைக்கிளு?" என்று அப்பா முடித்துவிட்டார். பள்ளிக்கூடம் மூணு மைல். மழையிலும் வெயிலிலும் நடந்தவள், ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டாள்.

உலக சினிமாவில் சைக்கிள் என்றதும் டி சிகாவின் 'பைசைக்கிள் தீவ்ஸ்' (1948) நினைவுக்கு வரும். சுவரொட்டி ஒட்டும் வேலைக்குச் சைக்கிள் கட்டாயம். அது களவு போனதும் பிழைப்பே போகிறது. 1952-இல் இந்தியாவில் நடந்த முதல் சர்வதேசத் திரைப்பட விழாவில் இப்படம் காட்டப்பட்டது. ஆண்களின் சைக்கிள் வயிற்றுப்பாடு என்றால், பெண்களின் சைக்கிள் வேறு கதை. சவூதியில் ஹைஃபா அல் மன்சூர் என்ற பெண்மணி எடுத்த 'வஜ்தா' (2012) படத்தில், சைக்கிள் வாங்கப் பணம் சேர்க்க ஒரு சிறுமி குர்ஆன் ஓதும் போட்டியில் கலந்து கொள்கிறாள். தெருவில் படப்பிடிப்பு என்றால் இயக்குநர் வேனுக்குள் உட்கார்ந்து வாக்கி டாக்கியில்தான் பேச வேண்டியிருந்ததாம்.

அவ்வளவு தூரம் போவானேன்? புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-இல் தொடங்கிய அறிவொளி இயக்கத்தில், ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், எழுத்தோடு சைக்கிளும் பாடமானது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் ஓட்டப் பழகினார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது பார் வைத்த வண்டியையே எடுத்தார்கள். குழந்தையை முன்னால் உட்கார வைக்க அதுவே வசதி என்றார்களாம்! பி. சாய்நாத் எழுதிய அந்தக் கட்டுரை மத்திய பாடத்திட்டத்தின் எட்டாம் வகுப்பு இந்திப் புத்தகத்தில் பல ஆண்டுகள் பாடமாக இருந்தது. வெளிமாநிலத்தில் படித்த நம் பிள்ளைகள் பலர் நம்மூர்க் கதையை இந்தியில் படித்துத்தான் பரீட்சை எழுதினார்கள்.

நம் சங்க மண்டபத்தில் ஒரு வெள்ளை வேட்டியும் புரொஜெக்டரும் போதும், இப்படங்களை ஒரு ஞாயிறு மாலை காட்டிவிடலாம். எல்லைப் பக்கத்தில் மிச்சமிருக்கும் சைக்கிள் கடைகளையும் வியாபாரிகளையும் பிள்ளைகள் செல்போனிலேயே படம் பிடித்து அதோடு சேர்க்கட்டும்.

ஒத்திகை போல அக்காவுக்கு 'வஜ்தா'வைப் போட்டுக் காட்டினேன். பாஷை புரியாவிட்டாலும் கடைசிவரை எழுந்திருக்கவில்லை. முடிந்ததும் சொன்னாள்: "அந்தப் புள்ளைக்கு அவங்கம்மாவாச்சும் வாங்கிக் குடுத்தாளே, தம்பி."