இழுக்கும் வலியும் தாங்கும் வலியும்

நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றின் பிள்ளைகள் இன்று அமெரிக்காவில் வாழ்கின்றனர். நாமும் அங்குச் சென்று சில மாதங்கள் தங்கி வருவது வழக்கமாகிவிட்டது. அக்காலத்தில் பெற்றோரை ஊர் சுற்றி அழைத்துச் செல்லப் பிள்ளைகள் விரும்புவது இயல்பே. அதற்கு அந்நாட்டில் ஒரு தனி முறை உண்டு. படுக்கை, அடுப்பு, குளியலறை யாவும் அமைந்த சிறு வீடு ஒன்றைச் சக்கரங்களின்மேல் அமைத்து, மோட்டார் வண்டியின் பின்னே பூட்டி இழுத்துச் செல்வர். டிராவல் டிரெய்லர் என்று அதற்குப் பெயர். அதற்குத் தனி இஞ்சின் கிடையாது. 1930களில் வாலி பையாம் என்பவர் ஏர்ஸ்ட்ரீம் என்ற பெயரில் செய்த அலுமினிய வண்டிவீடுகள் இன்றும் புகழ் பெற்றவை. இவ்வீட்டை இழுக்கப் பெரும்பாலோர் வாங்குவது, முன்னே இருக்கைகளும் பின்னே திறந்த சரக்குத் தொட்டியும் கொண்ட பிக்கப் டிரக்.

டென்வர் நகரில் எங்கள் மகன் வீட்டில் நாங்கள் தங்கியிருந்தபோது, அவனும் இத்தகைய டிரக் ஒன்றை வாங்கப் புறப்பட்டான். வண்டிவீடு முன்னரே பேசி முடிக்கப்பட்டிருந்தது. கடைக்காரர் ஒரு டிரக்கைக் காட்டி, "இது 5,000 கிலோ இழுக்கும்" என்றார். "நம் வீடு 2,500 கிலோதான் அப்பா, இரு மடங்கு வலிமை இருக்கிறது" என்று மகன் மகிழ்ந்தான்.

நாங்களோ ரயில்வே சரக்கு அலுவலகத்தில் முப்பது ஆண்டு உழைத்து ஓய்வு பெற்றவர்கள். சரக்கு வாகன் ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதன் வெற்றெடையும், ஏற்றத்தக்க எடையும் எழுதப்பட்டிருக்கும். அதைப் படியாமல் ஒரு மூட்டையும் ஏற்றியதில்லை. ஆதலின், "இந்த வண்டி எவ்வளவு இழுக்கும் என்று சொன்னீர்கள், எவ்வளவு சுமக்கும்?" என்று வினவினோம். கடைக்காரர் சற்றுத் தயங்கி, ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்தார். கதவுத் தூணில் ஒரு சீட்டு ஒட்டப்பட்டிருந்தது. ஏறும் ஆட்களும் சாமான்களும் சேர்ந்து 680 கிலோவுக்கு மேற்படலாகாது என்று அதில் அச்சிட்டிருந்தது.

இங்குதான் பலர் இடறி விழுகின்றனர். பின்னே வரும் வீட்டின் எடை முழுவதையும் அதன் சக்கரங்களே தாங்குவதில்லை. ஒரு பகுதி டிரக்கின் மேல் அமர்கிறது. மாட்டு வண்டியில் பாரம் ஏற்றுவோர் முன்பாரம், பின்பாரம் பார்ப்பதை நாம் அறிவோம். முன்பாரம் மிகுந்தால் மாட்டின் கழுத்து நோகும். பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி மேலெழும். இங்கும் அஃதே. வண்டிவீட்டின் எடையில் 100க்கு 10 முதல் 15 பங்கு வரை முன்பாரமாக இருத்தல் வேண்டும். குறைந்தால், வேகமாகச் செல்கையில் வீடு பாம்பென இருபுறமும் நெளிந்து டிரக்கையும் சாய்த்துவிடும்.

அன்றிரவு மருமகள் தாளும் பென்சிலுமாக அமர்ந்தாள். 2,500 கிலோ என்பது வீட்டின் வெற்றெடை. தொட்டித் தண்ணீர் மட்டும் 150 கிலோ. எரிவாயு உருளை, மின்கலம், பாத்திரம், அரிசி, எங்கள் வீட்டு அம்மாள் விட்டுவர மறுத்த கிரைண்டர் ஆகியவையும் சேர வேண்டும். அவ்வீட்டிற்கு அனுமதிக்கப்பட்ட நிறை எடை 3,200 கிலோ. அதையே கணக்கில் கொள்வது அறிவுடைமை. அதில் 100க்கு 13 பங்கு 416 கிலோ. பூட்டும் கருவிக்கு 40 கிலோ. 680இல் இவை போக மீதி 224. ஏறவேண்டிய நாங்கள் அறுவரும் சேர்ந்து 330 கிலோ! பெட்டி ஒன்றும் ஏற்றுமுன்னரே 106 கிலோ மிகை. பாரத்தை அச்சுகளுக்குப் பகிர்ந்தளிக்கும் பூட்டுக்கருவி உண்டு என்பது உண்மை. எனினும் அது சீட்டில் உள்ள வரம்பை உயர்த்திவிடாது.

"நாங்கள் இருவரும் வீட்டிலேயே இருந்துகொள்கிறோம், நீங்கள் போய் வாருங்கள்" என்றாள் எங்கள் மனைவி. மகன் தாளை மடித்து வைத்தான். "உங்களை அழைத்துப் போகத்தானே அம்மா இந்த வண்டியே!" என்றான். யாரும் சிறிது நேரம் பேசவில்லை.

மறுநாள் வேறு டிரக்குகளைப் பார்த்தோம். அரை டன், முக்கால் டன், ஒரு டன் என்று அங்கே வகுப்புகள் வழங்குகின்றன. இன்று அவை வெறும் பழம்பெயர்களே. ஃபோர்டு எஃப்-150 அரை டன் வகுப்பு. எஃப்-250 முக்கால் டன். ஒரே பெயருள்ள டிரக்குகளிலும் தாங்கும் எடை ஒன்றன்று. நாற்சக்கர இயக்கம், கண்ணாடிக் கூரை, தோலிருக்கை என்று அணிகலன் கூடக்கூடத் தாங்கும் எடை குறையும். ஆகையால் விளம்பரத்தை நம்பாமல், வாங்கும் வண்டியின் கதவுச் சீட்டையே படித்தல் வேண்டும். முடிவில் 1,100 கிலோ தாங்கும் முக்கால் டன் டிரக்கைத் தேர்ந்தோம். விலையும் கூடுதல், குலுக்கமும் கூடுதல். எனினும் அறுவரும் ஏறிய பின்பும் 314 கிலோ எஞ்சியது.

அதன் பயனை மேற்கு நோக்கிய மலைப்பாதையில் உணர்ந்தோம். 1973இல் திறக்கப்பட்ட ஐசன்ஹோவர் சுரங்கச் சாலை ஏறக்குறைய 3,400 மீட்டர் உயரத்தில் உள்ளது. அவ்வுயரத்தில் காற்று மெலிந்து இஞ்சினின் வலி குன்றும். ஆயினும் ஏற்றத்தைவிட இறக்கமே அஞ்சத்தக்கது. சுரங்கத்துக்கு அப்பால் சாலை 100 மீட்டருக்கு 7 மீட்டர் வரை இறங்குகிறது. பிரேக் பிடியாத லாரிகள் ஏறி நிற்பதற்கென்றே ஓரத்தில் சரளைக்கல் மேடு அமைத்திருக்கின்றனர். வண்டிவீட்டிற்குத் தனி மின்பிரேக்கும், அதை இயக்கும் கருவி ஓட்டுநர் கையருகிலும் இருந்தன. தாழ்ந்த கியரில் மகன் மெல்ல இறக்கினான். பின்னிருக்கையில் பேரக் குழந்தைகள் உறங்கிக்கொண்டிருந்தனர்.

மயிலிறகே ஆயினும் அளவு கடந்தால் வண்டியின் அச்சு தாங்காது என்பதை வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் உணர்த்தினார். கடல் கடந்த நாட்டிலும் அக்கணக்கு மாறவில்லை. உங்கள் பிள்ளைகள் இத்தகைய வண்டி வாங்கப் போவதாகத் தொலைபேசியில் சொன்னால், விலையை மட்டும் கேளாதீர்கள். "கதவுச் சீட்டைப் படித்தாயா?" என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்.