ஏலக்காயும் பாடம்தான்! ஓவியம், சிற்பம் படிக்க போடி மாணவர்களுக்கு என்ன வழி?

போடிநாயக்கனூர்:

"படம் வரைஞ்சா சோறு கிடைக்குமா?" பிள்ளை பென்சிலும் கையுமாக உட்கார்ந்தால் வீட்டில் வரும் முதல் கேள்வி இதுதான். ஏலக்காய் வியாபாரம், தோட்ட வேலை, இல்லாவிட்டால் என்ஜினீயரிங் என்று யோசிக்கும் போடியிலும் இதே கதைதான். இத்தனைக்கும் ஜமீன் அரண்மனைச் சுவரில் ராமாயணக் காட்சிகளைத் தீட்டி வைத்திருக்கும் ஊர் இது.

இந்தக் கேள்விக்கு மயிலாப்பூர்காரர் ஒருவரின் வாழ்க்கை பதில் சொல்கிறது. அவர் பெயர் எஸ்.தனபால்.

ஓவியர் சிற்பியானார்

1919-ல் பிறந்த தனபால், 1935-ல் சென்னை கலைப்பள்ளியில் சேர்ந்தார். அப்போது அங்கே தலைமைப் பொறுப்பில் இருந்தவர் தேவிபிரசாத் ராய் சௌத்ரி. மெரினாவில் நாலு பேர் சேர்ந்து பாறையை நெம்பித் தள்ளும் உழைப்பாளர் சிலை இருக்கிறதே, 1959-ல் திறக்கப்பட்ட அந்தச் சிலையைச் செய்தவர் இவர்தான். ஓவியம், சிற்பம் இரண்டிலும் கைதேர்ந்தவர்.

ஓவியம் படித்து முடித்த தனபால், அதே பள்ளியில் ஆசிரியரானார். பிறகு சிற்பத்தின் பக்கம் திரும்பினார். சிலுவை சுமக்கும் ஏசு, பெரியாரின் உருவச் சிற்பம் ஆகியவை அவருக்குப் பெயர் வாங்கித் தந்தன. மாணவராக நுழைந்த அதே இடத்தில் 1972 முதல் 1977 வரை முதல்வராக இருந்தார். 2000-ல் காலமானார். 'ஒரு சிற்பியின் சுயசரிதை' என்ற நூலும் எழுதியுள்ளார் என்பது குறிப்பிடத்தக்கது.

'ஸ்டில் லைஃப்' என்றால் என்ன?

ஓவியமோ, சிற்பமோ, எதைப் படித்தாலும் தொடக்கப் பாடம் ஒன்றுதான். கண்முன் இருக்கும் பொருளை உற்றுப் பார்ப்பது. சொம்பு, பழம், துணி என அசையாத பொருள்களை மேஜையில் வைத்து வரைவதைத்தான் 'ஸ்டில் லைஃப்' என்கிறார்கள்.

இதற்கு போடியில் பொருளுக்கா பஞ்சம்? ஒரு கைப்பிடி ஏலக்காய், பித்தளைச் சொம்பு, கொஞ்சம் இலவம்பஞ்சு, கீழே விரிக்க ஒரு சாக்கு போதும். ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கமிருந்து மட்டும் விழ வேண்டும். ஏலக்காய் உருண்டை இல்லை, அதற்கு மூன்று பட்டை உண்டு. ஒரு பட்டையில் வெளிச்சம், அடுத்ததில் பாதி நிழல், மூன்றாவதில் முழு நிழல். சொம்பின் நிழல் பக்கத்திலும் விளிம்பு அவ்வளவு கறுப்பாக இருக்காது. பக்கத்துப் பொருளில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் அங்கே லேசாக ஒட்டியிருக்கும். இதைக் கண்டுபிடித்து வரைந்துவிட்டால் தாளிலேயே பொருள் உருண்டு நிற்கும்.

ஓவியத்துக்கு ஒரு பக்கம் பார்த்தால் போதும். சிற்பத்துக்குப் பொருளைச் சுற்றி வர வேண்டும். முதலில் களிமண்ணில் உருவம், அதன்மேல் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சு, பிறகு அந்த அச்சில் சிமெண்டோ, பைபரோ வார்ப்பார்கள். வெண்கலம் என்றால் வேலையும் செலவும் கூடுதல்.

எங்கே படிக்கலாம்?

தனபால் படித்த பள்ளிதான் இன்றைய சென்னை அரசு கவின் கலைக் கல்லூரி. 1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற ஆங்கிலேய டாக்டர் தொடங்கியது. கும்பகோணத்திலும் அரசு கவின் கலைக் கல்லூரி உள்ளது. மரபுச் சிற்பம் படிக்க மாமல்லபுரத்தில் தனிக் கல்லூரி 1957 முதல் இருக்கிறது.

பிளஸ் டூ முடித்தவர்கள் 4 ஆண்டு பட்டப்படிப்பில் சேரலாம். மார்க் மட்டும் போதாது, வரைந்து காட்டும் தேர்வும் உண்டு. பார்த்து வரைந்து பழகிய கைக்கு அங்கே தடுமாற்றம் இருக்காது.

சோறு கிடைக்குமா?

ஓவியத்தை மட்டும் விற்றுப் பிழைப்பது ஆரம்பத்தில் கஷ்டம்தான், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஓவிய ஆசிரியர், சினிமா ஆர்ட் டிபார்ட்மெண்ட், விளம்பரம், அனிமேஷன், துணி டிசைன் என வழிகள் பல. தனபாலும் வாத்தியார் வேலை பார்த்துக்கொண்டேதான் சிற்பம் செய்தார்.

மீட்டர்கேஜ் ரயில் 2010 இறுதியில் நின்றபின் 12 ஆண்டுக்கு மேல் ரயிலே இல்லாத போடிக்கு, 2023 ஜூனில் சென்னை சென்ட்ரல் ரயில் வந்தது. சென்ட்ரலில் இறங்கினால் கல்லூரி ரொம்ப தூரமில்லை. அதுவரை தினம் ஒரு ஏலக்காய் வரைந்து பழகினாலே பாதிப் பாடம் முடிந்த மாதிரி!