பெயரைத் தடுத்தார்கள், பேரியக்கம் பிறந்தது!

உலகிலே சாரணர் தொகை மிகுந்த நாடு எது? இயக்கம் பிறந்த இங்கிலாந்து என்பீர்கள்; இல்லை. செல்வம் கொழிக்கும் அமெரிக்கா என்பீர்கள், அதுவும் அன்று. 17,000 தீவுகளுக்கு மேல் கொண்ட இந்தோனேசியா! அங்கே சாரணர் 2 கோடிக்கும் அதிகம்.

இந்த வளர்ச்சி எளிதில் வந்ததா? 1912இல் அங்கே ஆண்டிருந்த டச்சுக்காரர் சாரணர் படையைத் தொடங்கினர். 1916இல் சோலோ நகரின் இளவரசர் ஏழாம் மங்குநெகாரா, ஜாவா இளைஞர்க்கெனத் தனி அமைப்புக் கண்டார். 1918இல் முகம்மதியா இயக்கம் 'ஹிஸ்புல் வத்தான்' சாரணரை உருவாக்கிற்று. மண்ணின் மைந்தர் அணிவகுக்கக் கண்ட ஆட்சிக்கு அச்சம் பிறந்தது. சாரணரைக் குறிக்கும் 'பாட்வின்டர்' என்ற டச்சுப் பெயரை அவர்கள் சூடக்கூடாது என்று தடை போட்டது!

அவர்கள் கலங்கினரா? தலைவர் அகூஸ் சலீம், "வழிகாட்டி" எனப் பொருள்படும் 'பண்டு' என்ற சொல்லைத் தந்தார். அன்னியன் பறித்தது அவன் பெயரை. மக்கள் பெற்றதோ தமது பெயரை!

1942இல் வந்த ஜப்பானியரும் இயக்கத்தைத் தடை செய்தனர். பயின்ற பாடத்தைத் தடை செய்ய முடிந்ததா? ஹிஸ்புல் வத்தானில் வளர்ந்த சுதிர்மான், விடுதலைப் படையின் தளபதியானார். நோயுற்ற உடலோடு, டச்சுப் படையை எதிர்த்துக் காட்டிலும் மேட்டிலும் போர் நடத்தினார்.

விடுதலைக்குப் பின் பல்கிக் கிடந்த அமைப்புகளை 1961இல் அதிபர் சுகர்ணோ 'பிரமுகா' என்ற ஒரே இயக்கமாக்கினார். யோக்யகர்த்தா சுல்தான் ஒன்பதாம் ஹமெங்குபுவோனோ தலைமை ஏற்றார். எங்கும் வேரூன்றும், எல்லா உறுப்பும் பயன்தரும் தென்னையின் முளையே சின்னமாயிற்று.

ஒற்றுமை நன்று. ஆனால் அது வந்தது ஆணையின் வழியாக! அந்த ஆணையில் ஹிஸ்புல் வத்தானும் கரைந்தது. 1999இல்தான் மீண்டும் எழுந்தது. 2013இல் வந்த பாடத்திட்டம், பள்ளிப் பிள்ளைகள் அனைவர்க்கும் சாரணியத்தைக் கட்டாயமாக்கிற்று. 2024இல் வந்த விதியோ, சேர்வது மாணவர் விருப்பம் என்றது. "இயக்கம் தேயுமே" என்று அங்கே பலர் பதறினர்.

ஏன் பதற வேண்டும்? ஆள்வோர் தடுத்தபோதே வளர்ந்த இயக்கம் அல்லவா அது! சீருடையை ஆணையால் அணிவிக்கலாம். தொண்டுள்ளத்தை அணிவிக்க முடியுமா? கோடிக் கணக்கைக் காட்டிலும், விரும்பி வரும் ஒரு சிறுவனே இயக்கத்தின் உயிர்.

தென்னை முளை ஆணைக்கு வளர்வதில்லை. நீர் வார்த்தால் வளரும்!