பச்சை குத்துதலில் நிழலிடல்

பச்சை குத்துதலில் நிழலிடல் என்பது, தோலில் குத்தப்படும் உருவத்துக்கு அடர் கறுப்பு முதல் வெளிர் சாம்பல் வரை படிப்படியாக மை ஏற்றி, அது புடைத்து நிற்பதுபோலத் தோன்றச் செய்யும் முறை ஆகும். தொழில் செய்வோர் இதை 'ஷேடிங்' என்றே அழைக்கின்றனர். தமிழ்நாட்டின் பழைய பச்சை குத்தலில் நிழல் கிடையாது. கோடும் புள்ளியும் மட்டுமே உண்டு.

பழைய முறை

சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885 முதல் 1908 வரை இருந்த எட்கர் தர்ஸ்டன், 1906இல் வெளிவந்த தம் நூலில் இக்கலையைப் பதிவு செய்துள்ளார். குறவர் சமூகப் பெண்கள் ஊர் ஊராகச் சென்று பச்சை குத்தினர். மஞ்சள் தூளையும் அகத்திக் கீரையையும் சேர்த்து அரைத்துத் துணியில் தடவித் திரியாக்கி, விளக்கெண்ணெய் விளக்கில் எரிப்பார்கள். மேலே கவிழ்த்த புதுச் சட்டியில் படியும் கரியைச் சுரண்டி, தண்ணீரிலோ தாய்ப்பாலிலோ குழைத்தால் மை தயார். மூன்று நான்கு தையல் ஊசிகளை நூலால் சேர்த்துக் கட்டியதே கருவி. கோலங்களும் தேள் போன்ற உருவங்களும் கைகளில் ஏறின.

மை கரியாக இருக்க, பெயர் மட்டும் ஏன் 'பச்சை'? தோலுக்குள் இருக்கும் கரியின் மீது விழும் ஒளி, மேல் தோலைக் கடந்து திரும்பும்போது சிதறுகிறது. அதனால் கறுப்பு, நீலமும் பச்சையும் கலந்த நிறமாகக் கண்ணுக்குப் படுகிறது. நிழலிடக் கற்பவர் முதலில் அறிய வேண்டிய பாடமும் இதுதான்: பார்ப்பவர் மையைத் தோலின் வழியாகவே பார்க்கிறார்.

சிதம்பரத்தில் ஒரு பாடம்

கோட்டோவியத்துக்கும் நிழலோவியத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் காணக் கடலூர் மாவட்டத்தவர் தொலைவு செல்ல வேண்டியதில்லை. சிதம்பரம் நடராசர் கோயிலில் சிவகாமி அம்மன் சன்னதி மண்டபத்தின் விதானத்தில் 17ஆம் நூற்றாண்டு நாயக்கர் கால ஓவியங்கள் உள்ளன. மாணிக்கவாசகர் வரலாறும் பிட்சாடனர் கதையும் அவற்றில் வருகின்றன. தெளிவான வெளிக்கோடு, உள்ளே தட்டையான வண்ணம். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்ற கேள்வியே அங்கு எழுவதில்லை. அது குறையும் அல்ல, கதை சொல்ல அதுவே போதும்.

அதே நடராசரைச் செப்புத் திருமேனியின் பளபளப்போடு கையில் குத்திக்கொள்ள ஒருவர் விரும்பினால் நிலைமை மாறுகிறது. வெளிச்சம் வரும் திசையை முதலில் முடிவு செய்தாக வேண்டும். இடப்பக்க மேலிருந்து ஒளி வந்தால், தூக்கிய திருவடியின் அடிப்புறமும் முயலகனின் முதுகின் வலப்பக்கமும் இருளும். திருவாசியின் ஒவ்வொரு சுடருக்கும் ஒளிப்பக்கம், இருட்பக்கம் உண்டு. இதைப் பென்சிலால் தாளில் பலமுறை வரையாமல் ஊசியைத் தொடுவது வீண்.

கையாளும் முறைகள்

சாமுவேல் ஓ'ரைலி 1891இல் நியூயார்க்கில் மின்சாரப் பச்சை குத்தும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். எடிசனின் படியெடுக்கும் மின்பேனாவே அதற்கு அடிப்படை. கறுப்பும் சாம்பலும் மட்டும் கொண்ட நிழல் பாணி, அமெரிக்கச் சிறைகளில் ஒற்றை ஊசியால் குத்தியவர்களிடம் வளர்ந்து, 1970களில் லாஸ் ஏஞ்சலஸ் கடைகளுக்கு வந்தது.

மை தங்க வேண்டிய இடம் தோலின் இரண்டாம் அடுக்கு. ஏறத்தாழ ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் ஆழம். அதற்கு மேலேயே நின்றால், மேல் தோல் உதிரும்போது மையும் போய்விடும். ஆழம் மிகுந்தால் மை கசிந்து கோட்டைச் சுற்றி நீலப் புகைபோலப் படரும்.

புள்ளி நிழலில், புள்ளிகள் நெருங்கினால் இருள், விலகினால் ஒளி. செய்தித்தாள் படத்தை உருப்பெருக்கியில் பார்த்தவருக்கு இது உடனே விளங்கும். பழைய கையூசிக்கு மிக நெருக்கமான முறையும் இதுவே. 'விப் ஷேடிங்' என்பதில் ஊசியைத் தோலில் வைத்த கணமே மணிக்கட்டால் வெளிநோக்கி வீசி எடுப்பார்கள். தொடக்கத்தில் அடர்ந்து முடிவில் மறையும் கீற்று கிடைக்கும். 'மேக்னம்' எனப்படும் ஈரடுக்கு ஊசியைச் சிறு வட்டங்களாக நகர்த்தினால், கன்னம் போன்ற வழவழப்பான பரப்புகள் அமையும்.

தாளில் வெள்ளை என்பது தாள். தோலில் வெள்ளை என்பது குத்தாமல் விட்ட தோல். மாநிறத்திலும் கருநிறத்திலும் அந்த 'வெள்ளை'யே சற்று இருண்டது. ஆகையால் ஒளிக்கும் இருளுக்கும் இடையிலுள்ள படிகள் குறைவு. வெளிநாட்டு மாதிரிப் படத்தின் ஏழெட்டுச் சாம்பல் படிகளை அப்படியே நம்மவர் தோலில் ஏற்றினால், ஆறிய பின் எல்லாம் ஒரே கறையாகிவிடும். மூன்று நான்கு படிகளோடு நின்று, தோலைத் தாராளமாக விட்டுவைப்பதே சரி. கற்பவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். வெளிறித் தெரிகிறதே என்று அதே இடத்தில் மீண்டும் மீண்டும் ஊசியை ஓட்டுவார்கள். தோல் குதறிப்போய்த் தழும்பேறும். போதிய இருள் இல்லையெனில், ஆறிய பிறகு இன்னொரு நாள் சேர்க்கலாம். ஏறிய மையை அழி ரப்பரால் எடுக்க முடியாது.

பயிற்சிக்குச் செயற்கைத் தோல் தாள்களும் ஆரஞ்சு, வாழைப்பழத் தோல்களும் பயன்படுகின்றன. அவை வியர்ப்பதில்லை, வீங்குவதில்லை, வலியால் விலகுவதுமில்லை. உயிருள்ள தோலை மற்றொரு கையால் இழுத்துப் பிடிப்பதைத் தேர்ந்தவரின் அருகில் இருந்துதான் கற்க முடியும்.

மையும் நீரும்

வெளிர் சாம்பலுக்குக் கறுப்பு மையில் நீர் சேர்க்க வேண்டும். ஆபத்து நுழையும் வழியும் அதுவே. 2011இன் இறுதியில் நியூயார்க் மாநிலத்தின் ராசெஸ்டர் நகரில் 19 பேருக்குப் பச்சை குத்திய இடத்தில் தோல் தொற்று ஏற்பட்டது. ஆலையிலேயே நீர் கலந்து விற்கப்பட்ட சாம்பல் மை, காசநோய்க் கிருமியின் இனத்தைச் சேர்ந்த ஒரு நுண்ணுயிரைச் சுமந்து வந்திருந்தது. கலந்தது காய்ச்சி வடித்த நீர். ஆனால் காய்ச்சி வடித்தது வேறு, கிருமி நீக்கியது வேறு. மருத்துவத்துக்கென அடைக்கப்பட்ட கிருமி நீக்கிய நீரையே சேர்க்க வேண்டும். ஊசியும் மைக்கிண்ணமும் ஒருவருக்கு ஒன்றே. திருவிழாக் கடைகளில் ஓர் ஊசி பல கைகளைச் சுற்றுவது மஞ்சள் காமாலை பி, சி, எச்.ஐ.வி. ஆகியவற்றுக்கு வழி திறக்கும்.

இந்தியாவில் பச்சை குத்திக்கொண்டவர் 12 மாதங்களுக்கு இரத்ததானம் செய்ய இயலாது.

கடலூர் துறைமுகம், பரங்கிப்பேட்டை, கிள்ளை போன்ற கடலோர ஊர்களில் கடலில் இறங்கித் தொழில் செய்வோர், புண் ஆறும் இரண்டு மூன்று வாரங்களுக்குக் கடல்நீரையும் உப்பங்கழியையும் தவிர்க்க வேண்டும். ஆறிய பின்னும் வெயில் விடாது. வெளிக்கோடு பல ஆண்டுகள் நிற்கும், முதலில் மங்குவது வெளிர் சாம்பல்தான். வெயில் படும் முன்கையைவிடச் சட்டைக்குள் மறையும் தோளில் நிழல் நீடித்திருக்கும்.