பொங்கலுக்கு பெயின்ட்டா? முதல்ல ஆணி ஓட்டையை கவனிங்க!

பேராவூரணி பக்கம் பொங்கல் நெருங்கினாலே வீடுகளில் பெயின்ட் வேலை தொடங்கிவிடும். சிக்கல் என்னன்னா, அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்த வடகிழக்குப் பருவமழையின் ஈரம் சுவரில் அப்போதும் இருக்கலாம். அவசரமாக ஓட்டையை அடைச்சு பெயின்ட் அடிச்சா, பூச்சு உப்பி உதிரும்.

ஈரம் இருக்கான்னு எப்படி பார்ப்பது?

ஒரு பாலித்தீன் ஷீட்டை நான்கு பக்கமும் டேப் போட்டு சுவரில் ஒட்டி, ஒரு நாள் விடுங்க. உள்பக்கம் நீர் கோத்திருந்தால், பொறுங்க.

எப்படி அடைப்பது?

உதிரும் பூச்சைச் சுரண்டி, தூசியைத் துடைங்க. காய்ந்த சுவர் பட்டியில் உள்ள தண்ணீரை உறிஞ்சிவிடும். அதனால் ஓட்டையை மட்டும் லேசா நனைச்சுட்டு, வெள்ளை சிமென்ட் பட்டியை கெட்டியாகக் குழைத்து அழுத்தி வைங்க. ஆழமான ஓட்டையை ஒரே தடவையில் அப்பினால், காயும்போது சுருங்கி குழி விழும். இரண்டு, மூன்று தடவையாக, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு வைக்கணும்.

உப்புத்தாள் தேய்க்கும்போது மாஸ்க் அவசியமா?

ஆமாம். வீட்டு பெயின்ட்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் என்ற கட்டாய வரம்பு நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். பழைய பெயின்ட்டின் தூசியில் ஈயம் இருக்கலாம். குழந்தைகளை அந்த அறைக்குள் விடாதீங்க.

கடைசியா, பட்டி வைத்த இடத்தில் ப்ரைமர் அடிங்க. அதை விட்டால், அந்த இடம் பெயின்ட்டை அதிகமா உறிஞ்சி, திட்டுத் திட்டாகத் தெரியும்.