கைகூப்பும் அந்த ஒரு நிமிடம்

ஞாயிறு திருப்பலியில் கர்த்தர் கற்பித்த செபம் முடிந்ததும், ஒருவரையொருவர் நோக்கிக் கைகூப்பிச் சமாதானம் வாழ்த்துகிறோம். வலப்பக்கம் ஒரு வணக்கம், இடப்பக்கம் ஒரு வணக்கம். ஒரு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. ஆயினும், இறைவனோடு பேசுவதும் அயலாரோடு பேசுவதும் பிரிக்க முடியாதவை என்னும் உண்மையை இச்சிறு சடங்கு நமக்குத் தெளிவாகக் கற்பிக்கிறது.

தொன்மையான வழக்கம்

இது நேற்று வந்த புதுமையன்று. பரிசுத்த முத்தத்தால் ஒருவரையொருவர் வாழ்த்துமாறு புனித சின்னப்பர் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் இறுதி அதிகாரத்தில் பணிக்கிறார். இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் வாழ்ந்த மறைசாட்சியான புனித யுஸ்தீன், பொது மன்றாட்டு முடிந்து விசுவாசிகள் முத்தமிட்டு வாழ்த்திக்கொண்ட பின்னரே அப்பமும் இரசமும் கொண்டுவரப்பட்டன என்று குறித்துள்ளார். கீழைத் திருச்சபைகளில் இன்றும் இவ்வாழ்த்து நற்கருணை மன்றாட்டுக்கு முன்னரே இடம்பெறுகிறது. காணிக்கை செலுத்துமுன் சகோதரனோடு ஒப்புரவாக வேண்டும் என்று மத்தேயு நற்செய்தியின் 5-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் கற்பித்ததை அது நினைவூட்டுகிறது.

உரோமைத் திருச்சபையிலோ, நற்கருணை மன்றாட்டு நிறைவுற்ற பின்னரே சமாதானம் வழங்கப்படும் வழக்கம் நிலைபெற்றது. 416-இல் பாப்பரசர் முதலாம் இன்னொசென்ட் எழுதிய கடிதம் இதற்குச் சான்று. காலப்போக்கில் இது பாட்டுப்பூசையில் பீடத்தருகே நிற்கும் குருக்களோடு நின்றுபோயிற்று. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப்பின், 1969-இல் வெளியான புதிய திருப்பலி ஒழுங்கு அதை மக்களிடம் மீட்டளித்தது. அதே ஆண்டு ஏப்ரலில், இந்திய ஆயர்களின் வேண்டுகோளுக்கிணங்க, கைகூப்பி வாழ்த்தும் முறைக்கு உரோமை இசைவளித்தது.

எத்துணைப் பொருத்தம்! நம் மண்ணில் இறைவனுக்கும் மனிதருக்கும் ஒரே வணக்கந்தான். பீடத்தை நோக்கிக் கூப்பிய அதே கைகளை அயலாரை நோக்கித் திருப்புகிறோம்.

வாழ்த்தின் உட்பொருள்

நாம் வழங்குவது நமது நல்லெண்ணத்தை மட்டுமன்று; உயிர்த்த ஆண்டவர் தம் சீடருக்கு அருளிய சமாதானத்தையே. ஆகவேதான் 2014-இல் திருவழிபாட்டுப் பேராயம் விடுத்த சுற்றுமடல், இருப்பிடம் விட்டு அங்குமிங்கும் செல்வதையும், திருமண வீட்டாருக்கு வாழ்த்தும் துக்க வீட்டாருக்கு ஆறுதலும் கூறும் வேளையாக இதைக் கொள்வதையும் தவிர்க்கச் சொல்கிறது.

இச்சடங்கு அமைந்த இடத்தையும் எண்ணிப் பார்ப்போம். எங்களுக்குத் தீமை செய்தவர்களை நாங்கள் பொறுப்பதுபோல் எங்களைப் பொறுத்தருளும் என்று மன்றாடுகிறோம். உடனே அயலாரை நோக்கித் திரும்புகிறோம். அதன்பின்னரே ஆண்டவரின் உடலை உட்கொள்ளச் செல்கிறோம். வாயால் சொன்னதைக் கையால் மெய்ப்பிக்க நமக்குக் கிடைக்கும் இடைவெளி அந்த ஒரு நிமிடந்தான்.

நம் இல்லங்களில்

நம் பங்குகளில் நடப்பதென்ன? பாகப்பிரிவினையில் மனக்கசப்புற்ற அண்ணன் குடும்பம் ஒரு பக்கமும், தம்பி குடும்பம் மறு பக்கமும் அமர்கின்றன. அறிமுகமற்றவருக்குப் புன்னகையுடன் வணங்குகிறோம். உடன்பிறந்தவரின் வீட்டு வாசலை ஆண்டுக்கணக்கில் மிதிப்பதில்லை. ஒரே கூரையின்கீழ் மாமியாரும் மருமகளும் குழந்தையைத் தூதுவிட்டுப் பேசிக்கொள்ளும் வீடுகளும் உண்டு. அங்கே குடும்ப செபம் நாள்தோறும் நடைபெறலாம். ஆனால் மனிதரிடம் அடைத்த வாயை இறைவனிடம் மட்டும் திறந்துவிட முடியுமா?

சமாதானம் என்பது அநீதியை மூடி மறைப்பதன்று. பறித்ததைத் திருப்பித் தராமல் கைகூப்புவது ஒப்புரவாகாது. அடிபட்டவரை நோக்கி, "மறந்துவிடு" என்று வற்புறுத்துவதும் முறையாகாது. தவறு செய்தவரே முதலடி எடுத்துவைக்கக் கடமைப்பட்டவர். ஆயினும், யார் தவறு என்று இரு தரப்பும் காத்திருக்கும் சிறு பிணக்குகளில், முந்திக்கொள்பவரே பேறுபெற்றவர்.

அன்பான குடும்பங்களே, அடுத்த ஞாயிறு கைகூப்பும்போது, நாம் பேசாதிருக்கும் ஒருவரின் முகத்தை மனக்கண்முன் நிறுத்துவோம். அயலாருக்குத் தரும் வாழ்த்தை அவருக்கும் உரியதாக்குவோம். வீடு திரும்பும் வழியில் அவர் வீட்டுத் திண்ணையில் சற்று அமர்ந்து, "நலமா?" என்று கேட்போம். ஆலயத்தில் தொடங்கிய செபம் அங்கே நிறைவுபெறும்.